நோவும் உளைவும்

கமலாக்காவின் பற்களைக் கழற்றிக் கழுவலாம். இரண்டு கைகளும் தோளில் திருகி மாட்டியவை. வலது குதிக்காலில் ஒரு படுக்கைப்புண், சிவப்பு றப்பரில் செய்தது. பாடத்துக்குத் தேவையென்றால் பூட்டுவோம், இல்லையென்றால் கழற்றி வைப்போம். ஆணாக வேண்டிய நாட்களில் ஆணாகவும் மாற்றலாம். அதற்கான சாமான் யன்னலோர அலுமாரியின் மூன்றாவது லாச்சியில் ஒரு பிளாஸ்ரிக் பைக்குள் இருந்தது. ஸ்காபரோவில் ஒரு சமூகக் கல்லூரியின் இரண்டாம் மாடி, ஆறு கட்டில் போட்ட பயிற்சி அறை, கதவுக்குப் பக்கத்துக் கட்டில். அதில் படுத்திருந்த பொம்மைக்குப் பெயர் வைத்தவள் நான். மானிப்பாயில் எங்கள் ஒழுங்கையில் இருந்த கமலாக்காவுக்கும் அதே முகம்தான். எதையோ சொல்ல வந்து மறந்துபோனதுபோல வாயைக் கொஞ்சம் திறந்தபடி இருப்பார்.

2002 செப்ரெம்பரில் அந்த அறைக்குள் முதன்முதல் கால் வைத்தபோது எனக்கு வயது 32. ஊரில் உயர்தரம் வரை உயிரியல் படித்தவள். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் இடம்பெயர்வு. கனடாவுக்கு வந்த பின்னர் கோழி பொதிசெய்யும் தொழிற்சாலையில் மூன்று வருடம், கோப்பிக்கடையில் இரவு வேலை மூன்று வருடம். மச்சாள்தான் ஒருநாள் சமூக நிலையத்திலிருந்து ஒரு துண்டுப்பிரசுரம் கொண்டுவந்து குசினி மேசையில் போட்டார். இரண்டு வருடத் தாதிப் படிப்பு, முடித்தால் ஆர்.பி.என்., அதாவது பதிவுபெற்ற நடைமுறைத் தாதி, அரசாங்கம் படிப்புக் கடன் தரும். "கோப்பி ஊத்துற கை ஊசியும் போடும். போய்ப் படியடி" என்றார். மச்சாள் சொன்னால் எங்கள் வீட்டில் மேல்முறையீடு கிடையாது.

கல்லூரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. படிப்பித்தவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள், என்னுடைய முதல் தவணைப் புள்ளிகள் அவர்களுக்கு மறந்திருக்காது. இந்தச் சமூகக் கல்லூரி என்கிற ஏற்பாட்டைப் பற்றி மட்டும் இரண்டு வார்த்தை. பல்கலைக்கழகம் போக வசதியில்லாத, வாய்ப்பில்லாத, வயது தாண்டிய சனங்களுக்கு ஒரு தொழிலைப் படிப்பித்து அனுப்பவேண்டும் என்று 1965இல் ஒன்ராறியோவின் கல்வி அமைச்சராக இருந்த பில் டேவிஸ் சட்டம் கொண்டுவந்தார். அடுத்த வருடமே முதற்கல்லூரி திறக்கப்பட்டது, அதுவும் ஸ்காபரோவில்தான்: சென்ரெனியல். அதுவரை தாதிமாரைப் பயிற்றியவை ஆஸ்பத்திரிகளோடு ஒட்டியிருந்த விடுதிப் பள்ளிக்கூடங்கள். பயிலும் பெண்கள் அங்கேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, சம்பளமில்லாமல் வார்ட்டுகளில் முறிவார்கள். 1973இல் அந்தப் பள்ளிகளையும் எடுத்துச் சமூகக் கல்லூரிகளின் கீழே கொண்டுவந்தார்கள். நான் சேர்ந்தபோது இன்னொரு மாற்றம் வாசலில் நின்றது. 2005 முதல் ஆர்.என்., அதாவது பதிவுபெற்ற தாதி, ஆவதென்றால் பல்கலைக்கழகப் பட்டம் வேண்டும், ஆர்.பி.என்.னுக்குக் கல்லூரி டிப்ளோமா. எல்லாரும் அதைப் பற்றியே கதைத்தார்கள். எனக்கு டிப்ளோமாவே இமயமலை.

எங்களுக்குச் செய்முறை படிப்பித்தவர் நியூஃபவுண்ட்லாந்துக்காரி. அறுபதை நெருங்கிய, நெடுத்த, எலும்பான மனுசி. அந்த விடுதிப் பள்ளிக்கூடங்களில் ஒன்றில் கஞ்சி போட்ட வெள்ளைத் தொப்பியோடு பயின்றவர். அவர் பேசிய ஆங்கிலம் முதல் மூன்று கிழமையும் எனக்கு ஆங்கிலமாகவே படவில்லை. பக்கத்தில் இருந்த ஜமேக்காப் பெண்மணியைக் கேட்டேன். தனக்கும் விளங்கவில்லை என்றார். நிம்மதியாக இருந்தது.

ரீச்சரிடம் ஒரு பொம்மைப் புராணம் இருந்தது. 1911இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரத்து ஆஸ்பத்திரிப் பள்ளி ஒன்று, பிள்ளைகளுக்குப் பொம்மை செய்துவந்த மார்த்தா சேஸ் என்ற பெண்ணிடம் ஆளளவில் ஒரு பொம்மை செய்து கேட்டதாம். அந்தப் பொம்மைக்குத் தாதிமார் வைத்த பெயர் மிசிஸ் சேஸ். "இவர்களெல்லாம் மிசிஸ் சேஸின் பேரப்பிள்ளைகள். மரியாதையாகக் கையாளுங்கள்" என்றார். அவர் கேட்ட மரியாதை என்னவென்று கட்டில் குளிப்பாட்டல் பாடத்தில்தான் விளங்கியது.

படுக்கையில் இருக்கும் ஒருவரைக் கிடந்தபடியே கழுவித் துடைப்பதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. தண்ணீரின் சூட்டை உள்மணிக்கட்டில் பார்க்கவேண்டும். சிறு துவாயைக் கையைச் சுற்றி உறைபோல மடித்துக்கொள்ளவேண்டும், நுனி தொங்கினால் அது ஆறிப்போய்க் குளிர்ந்தபடி நோயாளியின் உடம்பில் இழுபடும். முதலில் கண். சவர்க்காரம் கூடாது. மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாக ஒரு துடைப்பு, மற்றக் கண்ணுக்குத் துவாயின் வேறொரு மூலை. கையை மணிக்கட்டிலிருந்து அக்குளை நோக்கி நீளமாகத் துடைக்கவேண்டும், இரத்தம் இதயத்துக்குத் திரும்புகிற திசை அது. எந்த நேரமும் கழுவுகிற பகுதி மட்டும்தான் வெளியே தெரியலாம், மிச்சம் முழுக்கப் போர்வைக்குள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி: தொடுவதற்கு முன்னால், என்ன செய்யப்போகிறாய் என்று ஆளுக்குச் சொல்லவேண்டும். பொம்மைக்கும் சொல்லவேண்டும். சொல்லாமல் தொட்டால் புள்ளி இல்லை.

என் முறை வந்தது. ரீச்சர் கையில் பலகை, பேனை. 25 பேர் சுற்றி நிற்கிறார்கள். துவாயைப் பிழிந்து மடித்தேன். வாய் திறந்தது, ஆங்கிலம் வரவில்லை. "கமலாக்கா, இப்ப உங்கடை கையைத் துடைக்கப் போறன், என்ன?" என்று விட்டேன். அதற்குப் பிறகு நிறுத்தமுடியவில்லை. மற்றக் கைக்கும் தமிழ், காலுக்கும் தமிழ், திருப்பிப் படுக்க வைக்கும்போது "ஒருக்காப் பிடிச்சுக்கொள்ளுங்கோ" என்றுகூடச் சொன்னேன். முடிந்ததும் அறை அமைதியாக இருந்தது. ரீச்சர் புள்ளியைப் போட்டுக்கொண்டே, என்ன சொன்னாய் என்று எனக்கு விளங்கவில்லை, சொன்னாய் என்பது விளங்கியது என்றார். பிறகு, "இவளுக்கு என்ன பெயர் சொன்னாய்?" என்று கேட்டார். அன்றிலிருந்து அந்தக் கட்டில் கமலாக்காவின் கட்டில். அடுத்த வருடம் சேர்ந்த பிள்ளைகளும் அப்படியே சொன்னார்களாம், "கமாலா" என்று.

வகுப்பில் இன்னொரு தமிழ்ப் பிள்ளையும் இருந்தாள், இங்கேயே பிறந்து வளர்ந்தவள், 19 வயது. அவளுக்கு ஆங்கிலம் தண்ணீர், தமிழ் கல்லு. பிலிப்பீன்ஸில் மருத்துவச்சியாக இருந்து, இங்கே அந்தத் தகுதி செல்லாமல் திரும்பவும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கிய அக்கா ஒருவர். சோமாலியாவிலிருந்து வந்து நாலு பிள்ளைகளையும் தாயிடம் விட்டுவிட்டு வரும் ஒருத்தி. அஜின்கோர்ட்டிலிருந்து ஒரு சீனப் பெடியன், முழு வகுப்பிலும் இரண்டே ஆண்கள், அவர்களில் ஒருவன். முதியோர் இல்லங்களில் பதினைந்து வருடம் உதவியாளராக வேலை செய்த ஜமேக்காப் பெண்மணி. வகுப்பில் இருந்த ஒவ்வொருவரும் வேறெங்கோ எதையோ பாதியில் விட்டுவந்தவர்கள்தான். அதைப் பற்றி நாங்கள் பெரிதாகக் கதைத்ததில்லை. மதியம் நுண்ணலை அடுப்புக்கு முன்னால் வரிசையில் நிற்கும்போது பாத்திரங்களைத் திறந்து பார்த்துக்கொள்வோம், அதுவே போதும்.

ஜமேக்காப் பெண்மணிக்கும் எனக்கும் ஒரு கொடுக்கல்வாங்கல். மருந்துக் கணக்கில் எங்களிடம் நூற்றுக்கு நூறு கேட்டார்கள், ஒன்று பிழைத்தாலும் திரும்ப எழுதவேண்டும். 1000 மில்லிலீற்றர் சேலைன், 8 மணித்தியாலத்தில் ஏற்றவேண்டும், குழாயில் மில்லிலீற்றருக்கு 15 துளி, அப்படியென்றால் நிமிடத்துக்கு எத்தனை துளி? யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இது வாய்ப்பாடு: 31. அவருக்குப் பின்னம் என்றால் கண் கலங்கும். நான் தோசை வெட்டிப் பின்னம் படிப்பித்தேன். அவர் எனக்கு ஆள் தூக்கப் படிப்பித்தார். முழங்காலை மடி, முதுகை மடிக்காதே, கட்டிலை உன் இடுப்புக்கு உயர்த்து, ஆளை இழுக்காதே, ஆளுக்குக் கீழே கிடக்கிற சீலையை இழு. புத்தகத்தில் இவை நாலு பக்கம். அவர் நாலு நிமிடத்தில் காட்டினார். இருபது வருடத்துக்கு மேலாகிறது, என் முதுகு இன்னும் நேராக இருப்பது அவருடைய புண்ணியம்.

ஊசி பழகியது தோடம்பழத்தில். தோலின் தடிப்பும் உள்ளே இளகுவதும் மனிதத் தசைக்குக் கொஞ்சம் கிட்டவாம். தசைக்கு 90 பாகை, தோலுக்குக் கீழே என்றால் 45. ஒரு பழத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து தண்ணீர் ஏற்றிப் பழகிவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தேன். அண்ணாவின் மகள், அப்போது மூன்று வயது, உரித்துத்தரச் சொல்லி அழுது, அண்ணா உரித்தும் கொடுத்துவிட்டார். சிரிஞ்ச் புதிது, தண்ணீர் குழாய்த் தண்ணீர், ஒன்றுமில்லை. ஆனாலும் அன்று இரவு முழுக்க நான் அந்தப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம்தான் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை திறந்து, ஊருக்குத் தொலைபேசி எடுப்பதும் கொஞ்சம் இலகுவாகியிருந்தது. அட்டை வாங்கிச் சுரண்டி, இருபது இலக்கம் அமத்தினால் மானிப்பாயில் அப்பா. ஓய்வுபெற்ற வாத்தியார். நான் உடற்கூற்றியல் படிக்கிறேன் என்றதும், "அங்காதிபாதமோ?" என்றார். எனக்கு அந்தச் சொல்லே தெரியாது. அப்பாவுக்கு அது போதும், அட்டையில் இருந்த நிமிடம் முழுவதும் கிறீன் புராணம்தான்.

நான் பிறந்ததே மானிப்பாய் கிறீன் ஆஸ்பத்திரியில். சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷனரி வைத்தியர் 1847இல் யாழ்ப்பாணம் வந்தவர் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். படிக்காதது மிச்சம். அவர் தமிழ் படித்து, உள்ளூர்ப் பெடியன்களுக்கு மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். அதற்குப் புத்தகம் இல்லையென்று தானும் மாணவர்களுமாகத் தமிழில் ஆக்கினார்கள். 1867இல் ‘இரணவைத்தியம்’, 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’, 1875இல் ‘கெமிஸ்தம்’. "அந்த வெள்ளைக்காரன் இஞ்சை வந்து தமிழிலை படிப்பிச்சான். நீ அங்கை போய் இங்கிலீசிலை படிக்கிறாய்" என்றார் அப்பா. குற்றமாகச் சொல்லவில்லை, ரசித்துத்தான் சொன்னார். அட்டை முடிந்து தொடர்பு அறுந்தது. அன்றிரவு என் தடித்த பாடப்புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதத் தொடங்கினேன். ஈரல், மண்ணீரல், கணையம் வரை தடையில்லை. அட்ரீனலில் நின்றுபோனேன். கிறீன் என்ன செய்திருப்பார் என்று யோசித்தேன். அவர் காலத்தில் அட்ரீனலைப் பற்றி யாருக்கும் அதிகம் தெரியாது. தப்பிவிட்டார்.

தை பிறந்ததும் எங்களை ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். கிழமையில் இரண்டு நாள், காலை ஆறரைக்குள் அங்கே நிற்கவேண்டும். லோரன்ஸ் வீதி 54ஆம் இலக்க பஸ் அந்த இருட்டில் பனியைத் தள்ளிக்கொண்டு வரும்போது உள்ளே இருப்பவர்கள் முக்கால்வாசிப் பேரும் எங்களைப்போலத்தான், குளிர்ச்சட்டைக்குக் கீழே நீலமோ பச்சையோ சீருடைக் காற்சட்டை தெரியும். வெள்ளைச் சப்பாத்தைப் பையில் வைத்திருப்போம், உப்புப்பனி பட்டால் பாழாகிவிடும்.

எனக்குத் தந்த நாலு பேரில் ஒருவர் காரைநகர் அம்மா. 84 வயது. மறதி நோய். ஆங்கிலம் அவருக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. மகள் இரண்டு வேலை செய்பவர், ஞாயிறுகளில் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டு வருவார். அம்மா இரவில் நித்திரை கொள்வதில்லை, கால்களை உதறுகிறார், துணி மாற்றப் போனால் கையைத் தட்டிவிடுகிறார் என்று குறிப்பில் இருந்தது. அதே குறிப்பில், நோ என்ற பெட்டிக்கு எதிரே ஒவ்வொரு நாளும் ஒரே விடை: இல்லை.

முதல்நாள் காலை அவரைத் துடைத்துவிடப் போனேன். என்னோடு வந்த உதவியாளர், நல்ல பிள்ளை, அவசரத்தில் இருந்தாலும் குனிந்து, முகத்தைப் பார்த்து, "பெயின்?" என்று கேட்டு, அம்மாவின் முழங்காலைத் தொட்டுக் காட்டினாள். அம்மா தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்லச் சாய்த்தார். உதவியாளர் ‘இல்லை’ என்று எழுதப்போனாள். எங்கள் ஊரில் அந்தத் தலைச் சாய்ப்புக்கு அர்த்தம் என்னவென்று உங்களுக்குச் சொல்லத்தேவையில்லை. எத்தனை மாதமாக அந்த மனுசி ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டிருந்தாரோ.

நான் பக்கத்தில் குந்தி, "அம்மா, கால் நோகுதோ?" என்று கேட்டேன்.

தமிழ்க் குரல் கேட்டதில் அவருக்குப் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அவருடைய உலகத்தில் எல்லாரும் தமிழ்தானே. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நோகேல்லைப் பிள்ளை" என்றார்.

எனக்குச் சப்பென்று போய்விட்டது. உதவியாளர் எழுதியதே சரியோ?

அம்மா ஒரு மூச்சு விட்டு, படிப்பில்லாத பிள்ளைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்: "நோகேல்லை. உளையுது."

உளைவு. எத்தனை வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல். ஆச்சி மழைக்காலத்தில் திண்ணையில் இருந்து காலை நீட்டிக்கொண்டு, "உளையுது, ஒருக்கா ஏறி மிதியடி" என்பார். பேரப்பிள்ளைகள் நாங்கள் கால்மேல் ஏறி நடப்போம். நோவு என்றால் அடிபட்டதில் வருவது, விரலால் தொட்டுக் காட்டலாம். உளைவைத் தொட்டுக்காட்ட ஏலாது. எலும்புக்குள்ளே ஏதோ பிசைவதுபோல, காலை வைத்திருக்க ஓரிடம் இல்லாததுபோல, இரவில்தான் கூடும். கொடுத்த சொல்லுக்குச் சரியான பதிலைத்தான் காரைநகர் அம்மா சொல்லியிருந்தார். கேள்வி பிழை.

பொறுப்புத் தாதியிடம் போய்ச் சொன்னேன். உளைவுக்கு என்ன ஆங்கிலம் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை, கைகளால்தான் கூடச் சொல்லியிருப்பேன். அவர் கவனமாகக் கேட்டார். வைத்தியரோடு கதைத்துப் படுக்கப்போகும் நேரத்தில் ரைலெனோல் ஒழுங்காகக் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள், காலுக்குச் சூடாக்கிய போர்வை. அன்றிரவு அம்மா நித்திரை கொண்டாராம். பிறகு சில இரவுகள் கொண்டார், சில இரவுகள் கொள்ளவில்லை. மாலை நாலு மணியானால் ஆட்டைக் கட்டவேண்டும் என்று கதவடிக்குப் போவது மட்டும் கடைசிவரை நிற்கவில்லை.

இந்தக் கதை ரீச்சரின் காதுக்குப் போனது. அடுத்த வகுப்பில் கரும்பலகையை முழுக்க அழித்துவிட்டு மெல்சாக்கைப் பற்றிச் சொன்னார். ரொனால்ட் மெல்சாக், மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழகத்து உளவியல் பேராசிரியர். நோயாளிகள் தங்கள் நோவை எந்தெந்தச் சொல்லால் சொல்கிறார்கள் என்று சேர்த்து, வகைபிரித்து, 1975இல் ஒரு வினாக்கொத்தாக வெளியிட்டவர். 20 தொகுதிகளில் 78 சொற்கள். இன்றைக்கும் உலகம் முழுக்கப் பாவிக்கிறார்கள். அந்த 78 சொற்களையும் மேற்தலை எறிவியில் காட்டினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "உங்கள் வீடுகளில் என்ன சொல்வீர்கள்? திங்கட்கிழமை கொண்டுவாருங்கள்" என்றார்.

சனி, ஞாயிறு எங்கள் குசினி ஆராய்ச்சிக்கூடம். மச்சாள் அடுப்படியில் நின்று சொல்ல நான் எழுதினேன். தலை இடிக்கும். பல் கொதிக்கும். வயிறு குத்தும், சிலவேளை முறுக்கும். காது குடையும். கண் உறுத்தும். நாரி பிடிக்கும். புண் எரியும், பழுத்தால் விண்விண்ணென்று தெறிக்கும். மூட்டுக் கடுக்கும். கை விறைக்கும். நெஞ்சை அடைக்கும். கால் உளையும். ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு வினைச்சொல், ஒன்றின் சொல்லை மற்றதற்குப் போட்டால் சிரிப்பார்கள். கீழ்வீட்டு மதுரைக்கார அக்கா வந்து, "எல்லாத்துக்கும் வலிக்குதுன்னா போச்சு" என்றார். மச்சாள் விடவில்லை. எங்கள் ஆச்சிமாருக்கு வலி என்றால் முதலில் காக்காய்வலிப்புத்தான் ஞாபகம் வரும் என்று ஒரு போர் நடந்தது. தேத்தண்ணீரில் சமாதானமானார்கள்.

திங்களன்று பலகை நிறைந்தது. தகலோக், சோமாலி, கண்டனீஸ், ஜமேக்காவின் பத்துவா, தமிழ். ஒவ்வொருவரும் தங்கள் எழுத்தில் எழுதிப் பக்கத்தில் ஒலியை எழுதினோம். அந்த 19 வயதுப் பிள்ளை, தமிழ் கல்லாக இருந்தவள், என் கையிலிருந்து சுண்ணக்கட்டியை வாங்கி, "உளைவு" என்பதைத் தானே எழுதினாள். ழகரம் போட்டு எழுதினாள். நான் திருத்தவில்லை. ரீச்சர் கடைசியில் நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களின் சொற்கள் என்று மூன்றை எழுதினார். அவையும் யாருக்கும் விளங்கவில்லை.

அது மாசி மாதம். பங்குனியில் எல்லாம் நின்றது.

சார்ஸ் கனடாவுக்கு வந்த வாசல் ஸ்காபரோ. ஹொங்கொங்கிலிருந்து திரும்பிய ஒருவரின் குடும்பத்தில் தொடங்கி, எங்களுக்குக் கிட்டடியில் இருந்த ஆஸ்பத்திரி ஒன்றுக்குள் பரவியது. மார்ச் 26ஆம் திகதி மாகாணம் அவசரநிலை அறிவித்தது. ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம் எதற்குள்ளும் மாணவர்கள் வரக்கூடாது. ஆயிரக்கணக்கானோர் பத்து நாள் வீட்டுக்குள். தொலைக்காட்சியில் நாள்தோறும் ரொறன்ரோவின் சுகாதாரத் தலைமை அதிகாரி ஷீலா பஸ்ரூர். குள்ளமான, பதறாத பெண்மணி. தெரிந்ததைச் சொல்வார், தெரியாததைத் தெரியாது என்பார். பெற்றோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். எங்கள் வீட்டில் அவர் தமிழா இல்லையா என்று ஒரு தனி விசாரணை நடந்தது.

அஜின்கோர்ட்டின் சீனக் கடைத்தொகுதிகள் வெறிச்சோடின. எங்கள் வகுப்புச் சீனப் பெடியன் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து ஆசனத்துக்காரர் எழும்பிப் போவதை நானே கண்டேன். அவன் அதற்குப் பிறகு நின்றுகொண்டே வரத் தொடங்கினான், இருக்க இடம் இருந்தாலும். ஜமேக்காப் பெண்மணி ஒருநாள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் இருத்தினார். இருவரும் ஒன்றும் பேசவில்லை.

கல்லூரியில் எங்களுக்கு என்95 முகமூடி அளவு பார்த்தார்கள். முகமூடியைப் போட்டுக்கொண்டு இருக்க, தலைக்குமேலே ஒரு வெள்ளைக் கூடாரம்போல மூடி, முன்னாலிருக்கும் ஓட்டையால் கசப்பு மருந்தைத் தெளிப்பார்கள். ஆழமாக மூச்செடு, தலையை இடம் வலம் திருப்பு, குனி, நிமிர். பிறகு வானவில்லைப் பற்றிய ஒரு பந்தியை உரத்து வாசிக்கவேண்டும். நாக்கில் கசந்தால் முகமூடி பொருந்தவில்லை. எனக்கு இரண்டாவது வரியிலேயே பாகற்காய்ச் சாறு குடித்ததுபோல இருந்தது. வேறு அளவு, திரும்பவும் வானவில். மூன்றாவது முகமூடியில்தான் பந்தியை முடித்தேன். பிலிப்பினோ அக்கா முதல் தரத்திலேயே பொருந்தி வெளியே வந்து, கூடாரத்துக்குள் செபமாலை சொன்னதாகச் சொன்னார்.

ஏப்ரல் 23ஆம் திகதி ரொறன்ரோவுக்குப் போகவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது, ஒரு கிழமையில் திரும்பப் பெற்றது. முடிந்தது என்று மூச்சுவிட, மே கடைசியில் இரண்டாவது அலை. கனடாவில் மொத்தம் 44 பேர் இறந்தார்கள், அவர்களில் இரண்டு தாதிமார், ஒரு வைத்தியர். தாதிமாரின் படங்கள் பத்திரிகையில் வந்தபோது எங்கள் வகுப்பில் இரண்டு பேர் படிப்பை விட்டார்கள். பயத்தில் விட்டார்கள் என்று யாரும் சொல்லக்கூடாது என்றார் ரீச்சர். யாரும் சொல்லவில்லை.

இலவேனில் முழுக்கப் பயிற்சி அறைதான். வெளியே போக முடியாததால் எல்லாவற்றையும் கமலாக்காவிலேயே செய்தோம். அந்த மாதங்களில் அவருக்கு எத்தனை தடவை மூக்குக்குழாய் விட்டோம், எத்தனை தடவை புண் கட்டினோம் என்று கணக்கில்லை. குதிக்கால் றப்பர் கிழிந்துபோய் பசை போட்டு ஒட்டினோம்.

இலையுதிர் காலத்தில் அந்த இல்லத்துக்குத் திரும்பவும் போனேன். காரைநகர் அம்மாவின் கட்டிலில் ஒரு இத்தாலியத் தாத்தா. யன்னல் விளிம்பில் மகள் கொண்டுவந்து வைத்திருந்த பிள்ளையார் ஒட்டுப்படத்தின் பசை அடையாளம் இருந்தது, படம் இல்லை. யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. தாத்தாவிடம் போய், இப்போது உங்கள் முகத்தைத் துடைக்கப்போகிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் இத்தாலிய மொழியில் என்னவோ சொன்னார்.

மிச்சம் எல்லாருக்கும் நடப்பதுதான். 2004 கோடையில் டிப்ளோமா, பிறகு பரீட்சை, பிறகு பதிவு, பிறகு இன்றுவரை வேலை. பட்டமளிப்புக்கு மச்சாள் காஞ்சிபுரம் உடுத்து வந்து, மேடையில் என் பெயரை அவர்கள் உடைத்த விதத்தைப் பார்த்துக் கோபப்பட்டார்.

போன வருடம் அண்ணாவின் மகள், அதே தோடம்பழக்காரி, வங்கி வேலை பிடிக்கவில்லை என்று தாதிப் படிப்புக்கு விண்ணப்பித்தாள். கல்லூரியில் பொதுமக்கள் பார்க்கும் நாள் ஒன்று வைத்தார்கள். "மாமி, நீங்களும் வாங்கோ" என்றாள். நான் படிக்கப் போய்வந்த காலத்து ஸ்காபரோ ஆர்.ரி. ரெயில் இப்போது இல்லை, 2023 யூலையில் ஒரு பெட்டி தடம்புரண்டதோடு அதை மூடிவிட்டார்கள். காரில் போனோம். கட்டிடத்துக்குள் எங்கே ஏறவேண்டும், எங்கே திரும்பவேண்டும் என்று என் கால் சொன்ன இடமெல்லாம் சுவர்.

புதிய பயிற்சி அறை உண்மையான வார்ட்டைப்போலவே இருக்கிறது. பொம்மைகள் மூச்சுவிடுகின்றன. நெஞ்சு ஏறி இறங்குகிறது, கண் சிமிட்டுகிறது, வெளிச்சம் அடித்தால் கண்மணி சுருங்குகிறது. மணிக்கட்டைப் பிடித்தால் நாடி துடிக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் ஒலிவாங்கியோடு இருந்து பொம்மைக்காகப் பேசுவாராம். சுற்றிக்காட்டிய பெடியனிடம் பழைய பொம்மைகள் எங்கே என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. இதற்கு என்ன பெயர் என்றேன். ஓர் இலக்கம் சொன்னான்.

மருமகளை நாடி பிடித்துப் பார்க்கச் சொன்னான். அவள் கூச்சப்பட்டு என்னைத் தள்ளிவிட்டாள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் மணிக்கட்டைப் பிடித்தேன். தோல் குளிர்ந்திருந்தது. பொம்மை கண்ணைத் திறந்து, உதடு அசையாமல், நெஞ்சு நோகிறது என்று ஆங்கிலத்தில் முனகியது.

"எவ்விடத்திலை நோகுது?" என்று கேட்டுவிட்டேன்.

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். நாடி என் விரலுக்குக் கீழே ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமுவது ஒலிபெருக்கியில் கேட்டது. பிறகு பொம்மை இரண்டு தரம் கண்ணைச் சிமிட்டிவிட்டு, மன்னிக்கவும், இன்னொருமுறை சொல்லமுடியுமா என்று மிகவும் பணிவாகக் கேட்டது.